ரேடியேட்டருக்குள் மிளகு

இரண்டு மாடுகள் ஒரு காரை இழுத்துக்கொண்டு வந்தன.

மாத்தளையில் கொங்காவளைப் பக்கம் என் காராஜ்; மெக்கானிக் என்பதால் ஊருக்கு நான் 'பாஸ்'. தகரக் கூரை, தார் பீப்பாய்களை விரித்து அடித்த சுவர், முன்னால் ஒரு பலாமரம். மரத்தடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றவன், கோப்பையைக் கையில் பிடித்தபடியே வாயைப் பிளந்துவிட்டேன். முன்னால் மாடுகள். நடுவில் வடக்கயிறு. பின்னால் ஹாஜியாருடைய கறுப்புக் கார். அதன் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு ஹாஜியார் நடந்து வருகிறார். கண்ணாடிக்குள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மாணிக்கம்.

மாணிக்கம் ஹாஜியாருடைய டிரைவர். இல்லை, பிழையாகச் சொல்லிவிட்டேன். அன்று காலைவரைக்கும் டிரைவர். அரை மணித்தியாலத்துக்கு முன்னால்தான் ஹாஜியார் அவனை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார். ஆனால் மாடு இழுத்தாலும் காருக்கு ஸ்டியரிங்கைத் திருப்ப ஓர் ஆள் வேண்டுமே! ஹாஜியாருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆகவே நிறுத்தப்பட்ட டிரைவரே ஓடாத காரை ஓட்டிக்கொண்டு வந்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மாணிக்கத்தின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

"பாஸ், இஞ்சின அவிச்சுட்டான் இவன்" என்றார் ஹாஜியார், குடையை மடக்காமலே. "தண்ணி ஊத்தாம மலையில ஏத்தியிருக்கான். கழட்டிப் பாத்துட்டு, எது எது போயிருக்குன்னு சொல்லு. இவன்கிட்ட ஒண்ணும் கேக்காத. வாயத் தொறந்தா பொய்."

மாணிக்கம் இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். சாவியைப் பொனட்டின் மேல் வைத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

பலகடுவை ஏற்றத்தில்

நடந்தது இதுதான். முந்தின நாள் ஹாஜியாரும் அவர் மனைவியும் கண்டியிலிருந்து திரும்பி வந்திருக்கிறார்கள். அக்குறணையைத் தாண்டி பலகடுவை ஏற்றத்தில் பாதி ஏறும்போது பொனட்டிலிருந்து ஆவி அடித்திருக்கிறது. மாணிக்கம் உடனே ஓரம் கட்டி, இஞ்சினை நிறுத்திவிட்டான். ஹாஜியாருக்கோ மாத்தளையில் யாரோ கொழும்பு வியாபாரி காத்திருந்தார். "தண்ணிய ஊத்திட்டு எடு, எடு" என்று அவசரப்படுத்தியிருக்கிறார். "ஆறணும் மொதலாளி, இப்ப ஊத்தினா இரும்பு வெடிச்சிரும்" என்று மாணிக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டானாம். ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்தால் இஞ்சின் இருமிற்று, நடுங்கிற்று, வெள்ளைப் புகை கக்கிற்று, நின்றுபோயிற்று. வழியில் வந்த லொறி ஒன்று இழுத்துக்கொண்டுவந்து ஹாஜியாருடைய மிளகுக் கடை வாசலில் விட்டிருக்கிறது.

மறுநாள் காலையில் கடை வாசலில் மிளகு விற்க வந்த சனம் நிறைந்திருந்த நேரத்தில், ஹாஜியார் தன் டிரைவரை நிற்கவைத்து ஏசினார். "திங்கிற சோத்துக்குத் துரோகம் பண்ணிட்டியேடா" என்று தெருவுக்கே கேட்க ஏசினாராம். மாதக் கடைசியில் அறையையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

அந்த அறை மிளகுக் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. மாணிக்கமும் அவன் பெண்சாதியும் இரண்டு பிள்ளைகளும் அதில்தான் இருந்தார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, துரை ஒருவரின் காரைக் கழுவிக் கழுவியே ஓட்டப் பழகி, டவுனுக்கு வந்தவன் அவன். அந்தக் காலத்தில் அவனைப் போன்றவர்களுக்குப் பிரஜாவுரிமைக் கடதாசிகூடக் கிடையாது. இந்த நாடா, அந்த நாடா என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. 'மாணிக்கம் நல்ல டிரைவர்' என்று ஊரில் நாலு பேர் சொல்வதுதான் அவனுக்கு இருந்த ஒரே கடதாசி. 'இஞ்சினை அவித்தவன்' என்று ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால் மாத்தளையில் எவன் சாவியை நம்பிக் கொடுப்பான்?

ஆகவே அந்தக் காரின் பொனட்டைத் திறக்கும்போது நான் ஓர் இஞ்சினை மட்டும் திறக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

கை வைத்தியம்

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். இளசுகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்றைக்குக் கார் பழுதானால் கடைக்குப் போய்ப் பெட்டியோடு சாமான் வாங்கி வந்து பூட்டுகிறார்கள். அப்போது சாமான் வராத காலம். கப்பலில் வரவேண்டும், கப்பலும் வராது. ஆகவே ஊர் முழுக்க வைத்தியர்கள். பெற்றோல் தாங்கி ஒழுகினால் சவர்க்காரத்தைக் குழைத்து அப்பு. பிரேக்குக்கு எண்ணெய் இல்லையா, ஆமணக்கெண்ணெய் விடு. கியர்பொக்ஸ் சத்தம் போட்டால் வாழைப்பழம் திணித்து விற்றுவிடு. முன்பு ஒருமுறை அந்த வாழைப்பழக் கதையை எழுதியதற்குத்தான் போன கிழமை பஸ்ஸில் ஒருவர், "பாஸ், நீங்க நல்லாத்தான் கட்டிவிடுறீங்க" என்றார். கட்டிவிடுகிற மூளை இருந்திருந்தால் நான் ஏன் ஐயா காலம் பூராவும் ஒயில் கையோடு திரிந்திருக்கப் போகிறேன்?

ரேடியேட்டர் ஒழுகினால் என்ன வைத்தியம்? மற்ற ஊர்களில் முட்டை வெள்ளைக்கருவை ஊற்றுவார்கள். மாத்தளையில் முட்டையைத் தேடுவானேன்? வேலி முழுக்க மிளகுக் கொடி. ஒரு சிட்டிகை மிளகுத் தூளை ரேடியேட்டரில் போட்டால், அது தண்ணீரோடு சுற்றிவந்து, ஊசி முனை அளவு ஓட்டையில் போய் அடைத்து, ஊறிப் பருத்து இறுகிவிடும். பொய்யில்லை, வேலை செய்யும். நானே செய்திருக்கிறேன். ஒரு சிட்டிகை போதும்.

சிட்டிகை என்றால் இரண்டு விரலுக்குள் அடங்குவது. அதையும் சொல்லி வைக்கிறேன்.

திறந்து பார்த்தபோது

முதலில் ஒயில் கம்பியை உருவிப் பார்த்தேன். பால் தேத்தண்ணி நிறம். ஒயிலுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதாவது இஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற கேஸ்கெட் எரிந்துவிட்டது.

தலையைக் கழற்றினேன். நினைத்தபடியே நடு இரண்டு சிலிண்டருக்கும் இடையில் கேஸ்கெட் கருகிக் கிடந்தது. அடிமட்டம் என்கிற இரும்பு அளவுகோலைத் தலையின் மேல் வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தால், நடுவில் வெளிச்சம் தெரிகிறது. சூட்டில் தலை வளைந்துவிட்டது.

ஆனால் மற்றதெல்லாம்? பிஸ்டனில் கீறல் இல்லை. சிலிண்டர் சுவரில் நகத்தை வைத்து இழுத்தேன், வழவழவென்று இருந்தது. எங்கேயும் வெடிப்பு இல்லை. தண்ணீர் இல்லாமல் ஓட்டுகிறவன் ஆவி அடித்தாலும் நிறுத்தமாட்டான். நிறுத்தினாலும் கொதிக்கிற இரும்பில் பச்சைத்தண்ணியை ஊற்றி வெடிக்கவைப்பான். இவன் உடனே நிறுத்தியிருக்கிறான், ஆறவும் விட்டிருக்கிறான். இஞ்சினே எனக்கு அதைச் சொல்லிவிட்டது.

அப்படியானால் சூடு ஏன் ஏறிற்று?

ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். கழுத்துவரை தண்ணீர். மலையில் ஊற்றியது அது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கீழே இருக்கிற சின்னக் குழாயைத் திறந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. மேலே குளம், கீழே வறட்சி! கம்பியை விட்டுக் குத்தினேன். பொத்தென்று கறுப்பாக ஒரு சேறு என் கையில் விழுந்தது. கொஞ்சம் முகத்திலும் தெறித்தது.

அவ்வளவுதான். தும்மல் பிடித்துக்கொண்டது. கண்ணில் நீர், மூக்கில் நீர், நிற்கவே முடியவில்லை. பலாமரத்தடியில் குந்தியிருந்த மாணிக்கம் ஓடி வந்தான். அவனும் தும்ம ஆரம்பித்தான்.

"என்னடா இது, காரா ரசச் சட்டியா?" என்றேன்.

மாணிக்கம் அந்தச் சேற்றைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நாந்தான் பாஸ்" என்றான். "நாந்தான் போட்டேன். கீழ சொட்டுச் சொட்டா ஒழுகிச்சு. மொதலாளிகிட்ட சொன்னா செலவுன்னு ஏசுவாரு. கெடங்குல கூட்டி அள்ளின தூசியில ஒரு சிட்டிக போட்டேன். நல்ல மொளகுல கை வைக்கல, சாமி சத்தியமா. ஐயோ, நாந்தான் அவிச்சுட்டேன் பாஸ். அவரு ஏசினது சரிதான்."

அவன் வாயைத் திறக்காமல் நின்றதன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தன்மேலேயே அவனுக்குச் சந்தேகம்.

நான் சேற்றை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தேன். ரேடியேட்டருக்குள் இன்னும் இருந்தது. வழித்து எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. ஒரு கோப்பை நிறைந்தது.

"மாணிக்கம், உன் சிட்டிக எவ்வளவு பெருசு?"

இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினான்.

"அப்ப இது பூரா எங்கேயிருந்து வந்துச்சு? குட்டி போட்டுச்சா?"

ஹாஜியாரின் கண்

மிளகு விஷயத்தில் மாத்தளையில் ஹாஜியாரை வெல்ல ஆள் கிடையாது. வில்கமுவையிலிருந்தும் உக்குவளையிலிருந்தும் சாக்குச் சாக்காக வரும். அவர் கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளுவார். ஊதுவார். கடிப்பார். "இது வேலி மிளகு. இது பாக்கு மரத்துல ஏறினது. இது மழையில நனஞ்சு மறுபடி காயவச்சது" என்று சொல்லிக்கொண்டே போவார். யாரோ ஒருவன் பப்பாசிக் கொட்டையைக் காயவைத்து மிளகோடு கலந்து கொண்டுவந்தபோது, சாக்கை அவிழ்க்குமுன்னே, "பப்பாசிய தனியா கொண்டா, மிளக தனியா கொண்டா" என்றாராம். அந்த மனுஷனை இன்றைக்கும் ஊரில் பப்பாசி என்றுதான் கூப்பிடுகிறார்கள், பாவம்.

இன்னொரு குணமும் உண்டு. அவருக்குச் சிட்டிகை என்றால் என்னவென்று தெரியாது. மாதிரி பார்க்க அள்ளினாலும் ஒரு பிடி. பிச்சைக்காரனுக்கு அரிசி போட்டாலும் ஒரு பிடி. அள்ளுகிற கை அது. கோபமும் அப்படித்தான் வரும்.

ஆளனுப்பி அவரை வரவழைத்தேன். வந்தவர் மாணிக்கம் அங்கே நிற்பதைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சேற்றைக் கழுவி, பழைய கடதாசியில் பரப்பி, வெயிலில் உலர வைத்திருந்தேன். "ஹாஜியார், எனக்கு இஞ்சின் தெரியும், மிளகு தெரியாது. இது உங்க காருக்குள்ள இருந்துச்சு. என்ன ஏதுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றேன்.

மிளகு என்றதும் மனுஷனுக்கு வேறெல்லாம் மறந்துவிட்டது. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்தார். குந்தினார். மூக்குக்கண்ணாடியை மாட்டினார். விரலால் கிளறினார்.

"இதோ, இதுல சாக்கு நாரு இரிக்கி. மண்ணு இரிக்கி. இது கெடங்குத் தரையில கூட்டினது. கொஞ்சம்தான் இரிக்கி."

"அது நான் போட்டது மொதலாளி" என்றான் மாணிக்கம். ஹாஜியார் நிமிர்ந்து பார்த்தார். ஏச வாயைத் திறந்தவர், கைவிரலில் ஒட்டியிருந்த வேறொன்றைக் கண்டு நிறுத்தினார். மூக்கருகே கொண்டுபோனார்.

"இதுல தோலு இல்லியே. இது வெள்ள மிளகு. அம்மியில அரைச்சது, மாவு மாதிரி." அவர் குரல் மெதுவாகிற்று. "வெள்ள மிளகு கடையில விக்கிறதில்ல பாஸ். வீட்டுக்கு மட்டும்தான். பழுத்த மிளக ஆத்துல ஊறப்போட்டு, நானே தோலு கசக்கிக் குடுப்பேன். குசினியில போத்தல்ல இரிக்கும்."

மாணிக்கம் என்னைப் பார்த்தான்.

ஹாஜியார் இன்னும் கிளறினார். கடதாசியில் பெரும்பங்கு வேறொரு சாதியாக இருந்தது. பாதிபாதியாக உடைந்த, கறுத்த, பருத்த மிளகு. அதில் ஒன்றை எடுத்துக் கண்ணுக்கு அருகே பிடித்தார். அதிலேயே நிலைத்துப்போனார்.

"முதல் தரம்" என்றார். "இடிச்சது இல்ல. நசுக்கினது. படிக்கல்லால நசுக்கினது."

தராசில் வைக்கிற படிக்கல் கடையில் யார் கையில் இருக்கும்? அவர் கையில்தான். வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டார்.

"ஹாஜியார், உங்களுக்கு யாரு இந்த வைத்தியம் சொன்னது?" என்றேன்.

"யாரு சொல்லணும்? மாத்தளையில இது யாருக்குத் தெரியாது?" என்று சட்டென்று ஏறினார். பிறகு இறங்கினார். "பள்ளி வாசல்ல காரு நின்ன எடத்துல ஈரமா இருந்துச்சு. இவன்கிட்ட சொன்னா, 'நான் பாக்கலையா'ன்னு மனசு நோவான். அதான் நானே ஒரு பிடி…"

"ஒரு பிடியா?"

"சின்னப் பிடிதான் பாஸ்."

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கோபத்தை மட்டும் வெளியே விட்டேன். "அல்லாவே! ஹாஜியார், நீங்க பிரியாணி ஆக்கினீங்களா, காரத் திருத்தினீங்களா? மூணு பேரு மூணு பக்கத்துல இருந்து கொட்டினா அந்த இரும்பு என்னதான் செய்யும்? மலையில நிறுத்தி ஆறவச்சானே, உங்க அவசரத்துக்கு இவன் ஆடியிருந்தா இன்னைக்கு இஞ்சின் ரெண்டு துண்டு. இவனத்தான் நீங்க தெருவுல வச்சு ஏசியிருக்கீங்க!"

ஹாஜியார் எழுந்தார். குடையை விரிக்க மறந்து வெயிலிலேயே நடந்து போனார்.

அண்டா மூடி

மறுநாள் ஹாஜியார் வந்து நடந்ததைச் சொன்னார். வீட்டில் போய், "காருக்குள்ள நான் போட்ட மிளகாலதான் இஞ்சின் போச்சாம்" என்று தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறார். ஊரே மாமி என்று கூப்பிடும் அவர் மனைவி, இடியப்ப உரலைக் கீழே வைத்துவிட்டு, "நீங்களும் போட்டீங்களா? அப்ப நான் போட்டது?" என்று கேட்டாராம்.

மாமி வாசல் சிமெந்தில் ஈரத்தைப் பார்த்திருக்கிறார். புருஷன் கண்டால் டிரைவரை ஏசுவாரே என்று, மாணிக்கம் சாப்பிடப் போன நேரத்தில் வெள்ளை மிளகைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். எல்லாரும் நல்ல மனசோடுதான் செய்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு சிட்டிகையோடு போயிருக்கும்.

கேஸ்கெட்டுக்கு நான் கண்டிக்குப் போனேன், கிடைக்கவில்லை. கொழும்புக்குச் சொல்லியனுப்பினேன், அங்கேயும் இல்லை. செம்புத் தகடு கிடைத்தால் நானே வெட்டிவிடுவேன் என்று ஹாஜியாரிடம் சொன்னேன். அன்று பின்னேரமே மாமி கந்தூரி விருந்துக்குச் சோறு ஆக்குகிற தன் அண்டாவின் செம்பு மூடியை அனுப்பிவிட்டார். கனத்த மூடி. உள்பக்கம் ஈயம் பூசியிருந்தது. "இதுக்கு மேல நான் ஒண்ணும் போடமாட்டேன்னு பாஸ்கிட்ட சொல்லுங்க" என்று சொல்லியும் அனுப்பியிருந்தார்.

வேலையை நானும் மாணிக்கமும் செய்தோம். வேலையை விட்டு நிறுத்தப்பட்டவன், கூலியும் கேட்காமல் தினமும் வந்தான். வீட்டில் இருந்தால் பெண்சாதி முகத்தைப் பார்க்க முடியவில்லையாம். அவள் சாமான்களைக் கட்ட ஆரம்பித்திருந்தாள்.

ரேடியேட்டரை அவன் பிடித்துக்கொண்டான். பழைய குடைக் கம்பியைத் தட்டித் தட்டையாக்கி ஒவ்வொரு குழாயாகக் குத்தினான். சலவைச் சோடாவைக் கொதிக்கவைத்துக் கீழிருந்து மேலாக ஊற்றினான். சுத்தமான தண்ணீர் வரும்வரைக்கும் ஊற்றினான். ஒழுகிய இடத்தை நான் ஈயம் வைத்து ஒட்டினேன். அது குண்டூசித் தலை அளவுகூட இல்லை.

தலையைக் கனத்த கண்ணாடித் தகட்டின் மேல் குப்புற வைத்து, வால்வு உரைக்கிற பசையைத் தடவித் தேய்த்தோம். எட்டு எழுதுகிற மாதிரித் தேய்க்கவேண்டும். கொஞ்சம் தேய்ப்பது, துடைப்பது, அடிமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்குப் பிடிப்பது. மறுபடி தேய்ப்பது. என் தோள் கழன்றது. மாணிக்கம் நிறுத்தவே இல்லை. கடைசியில் அடிமட்டத்துக்குக் கீழே வெளிச்சம் இல்லை.

அண்டா மூடியின் ஈயத்தைச் சுரண்டி எடுத்து, பழைய கேஸ்கெட்டை மேலே வைத்துக் கோடு கிழித்து, வெட்டி, ராவி, உமி நெருப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். அப்படிச் செய்தால்தான் செம்பு மிருதுவாகும், இரும்போடு இரும்பு இறுகும்போது பொருந்திப் படியும். பூட்டினோம். நடுவில் இருந்து வெளியே, கொஞ்சம் கொஞ்சமாக நட்டுகளை இறுக்கினேன்.

ஸ்டார்ட் பண்ணியதும் உறுமிற்று. நடுக்கம் இல்லை. வெள்ளைப் புகை இல்லை. ஒயில் கம்பியை உருவினேன், தேன் நிறம். மாணிக்கம் பொனட்டில் கையை வைத்துக்கொண்டு அழுதான். என்னடா இது, பிள்ளை பிறந்த மாதிரி என்று ஏசினேன். என் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

வேலை வேண்டாம்

ஹாஜியார் வந்தார். சத்தத்தைக் கேட்டார். முகம் மலர்ந்தது. மாணிக்கத்தின் தோளில் கையை வைத்தார்.

"நாளைக்கு வேலைக்கு வா. அறையும் ஒனக்குத்தான், பொஞ்சாதிகிட்ட சொல்லு." என் பக்கம் திரும்பினார். "பாஸ், யாராச்சும் கேட்டா தண்ணிப் பம்பு தேஞ்சு போச்சுன்னு சொல்லு. பழைய காரு, அப்படித்தான்னு சொல்லு. மிளகுக் கதைய வெளிய விட்டா கடையில எனக்கு மரியாத இரிக்காது. மிளகுக்காரனே மிளகால கெட்டான்னு சிரிப்பானுங்க."

எனக்கு உச்சந்தலைவரை ஏறிற்று. நல்லா இருக்கே நியாயம் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் மாணிக்கம் பேசிவிட்டான். அவன் சத்தம் போட்டுப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை, அன்றைக்கும் சத்தம் போடவில்லை.

"வேல வேணாங்க மொதலாளி."

"என்னடா?"

"நீங்க மன்னிச்சுச் சேத்துக்கிட்டீங்கன்னுதான் ஊரு பேசும். இஞ்சின அவிச்சவன்கிற பேரு அப்படியே இருக்கும். நீங்க இருக்கிறவரைக்கும் சோறு போடுவீங்க. அப்பறம்? எனக்கு வேல வேணாங்க. எம் பேரத் தாங்க."

ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் ஒரு ஸ்பெனரை எடுத்துத் துடைத்தேன். அவருக்குக் கை கொடுக்க எனக்கு மனசில்லை. அவர் அந்தக் கறுப்புக் காரை ஒருமுறை சுற்றி வந்தார்.

"காரக் கடைக்கு எடுங்க" என்றார் கடைசியில்.

மாணிக்கம் ஏறவில்லை. நான் ஓட்டினேன். ஹாஜியார் எனக்குப் பக்கத்தில். மாணிக்கம் பின்னால் நடந்து வந்தான்.

கடை வாசலில் சாக்குகளும் சனமும். அன்றைக்கு ஏச்சைக் கேட்டவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். மிளகு கொண்டுவருகிறவர்கள் கிழமைக்குக் கிழமை அதே ஆட்கள்தான், நிறையப் பேர் சிங்களவர்கள். ஹாஜியார் இறங்கினார். கடைப் படியில் ஏறினார். தொண்டையைக் கனைத்தார்.

"எல்லாரும் கேளுங்க. இந்தக் காரு இஞ்சின அவிச்சது மாணிக்கம் இல்ல. நான். ரேடியேட்டர்ல மிளகப் போட்டு அடைச்சுட்டேன்."

யாரோ ஒருவர் சிரித்தார். ஹாஜியாருக்கு முகம் சிவந்தது. அவர் படியை விட்டு இறங்கி, என்னிடம் சாவியை வாங்கி மாணிக்கத்திடம் நீட்டினார்.

மாணிக்கம் வாங்கவில்லை.

"சிங்களத்துலயும் சொல்லுங்க மொதலாளி" என்றான். "அன்னைக்கு நீங்க ஏசினது பாஷ தெரியாட்டியும் இவங்களுக்கு வெளங்கிச்சு. இன்னைக்குச் சொன்னது வெளங்கல."

இப்போது வெடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். ஹாஜியார் தொப்பியைக் கழற்றினார். வேர்வையைத் துடைத்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் படியில் ஏறினார். முதலில் சொன்னதைவிடச் சத்தமாகச் சொன்னார்.

"என்ஜிம கெடுவே மம. மாணிக்கம் நெவெயி." இஞ்சினைக் கெடுத்தது நான், மாணிக்கம் இல்லை.

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. முன்னால் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்த வில்கமுவைக் கிழவர் ஒருவர், "அப்போ அன்றைக்கு இந்த மனுஷனை ஏன் முதலாளி அப்படி ஏசினீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார். குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஹாஜியார் மாணிக்கத்தின் பக்கம் திரும்பி, அத்தனை பேருக்கும் முன்னால், தமிழில் சொன்னார். "தெரியாம ஏசிட்டேன்பா. மனசுல வச்சுக்காத."

இதை மாணிக்கம் கேட்டிருக்கவில்லை. பெயரை மட்டும்தான் கேட்டான். அவன் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் கையிலிருந்த சாவியை வாங்கி, காரின் பின்கதவைத் திறந்துவிட்டு நின்றான்.

"ஏறுங்க மொதலாளி" என்றான். "லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லப்போறாங்க."